பத்து நிமிஷ ஓய்வு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பதினான்கு வயது. மனிதர்களில் அது மீசை முளைக்கிற வயது. கம்ப்யூட்டர்களில் பேரன் பேத்தி எடுத்துப் படுக்கையில் விழுந்த வயது என்று என் மாப்பிள்ளை சொல்வார். அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். வரும்போதெல்லாம், "மாமா, புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்" என்பார். "நான் இருக்கும்போது எதுக்கு?" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பிவிடுவேன்.

நான் என்றால் சும்மா இல்லை. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். நான் பார்த்துக்கொண்ட லிஃப்டுகளில் எவரும் இருபது நிமிஷத்துக்கு மேல் மாட்டிக்கொண்டதில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவரும் உள்ளேயே தூங்கிவிட்டதால் புகார் கொடுக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் முழங்கால் போனது, கம்பெனி மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கால்தான் போனதே தவிர கை போகவில்லை. வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் ரிப்பேர்க்காரன் என்று ஒருவன் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

தொழிலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்த கையோடு லிஃப்டின் பொத்தானை அழுத்த மாட்டேன். எல்லாரையும் விலகச் சொல்லி, கதவைச் சாத்தி, பத்து நிமிஷம் அதை அதன் போக்கில் விட்டுவிடுவேன். போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து அழுத்தினால் ஓடும். நாம் என்ன செய்தோம் என்று புரிந்துகொள்ள இயந்திரத்துக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்பது என் கட்சி.

கம்ப்யூட்டருக்கும் இதே வைத்தியம்தான். மாதத்துக்கு இரண்டு முறையாவது அது கிளம்பாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும், வயிற்றுக்குள்ளிருந்து பீப், பீப், பீப் என்று மூன்று சத்தம் வரும். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்குவேன். பின்பக்க வயர்களையெல்லாம் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகுவேன். வலப்பக்கம் இரண்டு தட்டு, இடப்பக்கம் ஒரு தட்டு. பெட்டியை ஒரு தரம் கவிழ்த்து நிமிர்த்துவேன். "யாரும் தொடக் கூடாது. பத்து நிமிஷம்" என்று உத்தரவு போட்டுவிட்டு மூலைக் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்து அழுத்தினால் திரை பளிச்சென்று எரியும். என் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எப்படிங்க!" என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே அது அடிக்கடி கெட்டால் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். வேலை முடிந்து வந்து, ஆறு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரில் குழந்தைகளுக்குக் கணக்குப் புதிர்கள் எழுதிக்கொண்டிருந்தாள். மொத்தம் முந்நூறு புதிர், பின்னால் விடைகள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பதிப்பகத்தார் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு புத்தகம் ஒன்றாகக் கொண்டுவருகிறார்கள். அதில் அவளுடையதும் ஒன்று. கடைசி நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்குள் வந்து சேராத புத்தகத்தின் இடம் வரிசையில் நிற்கும் அடுத்த புத்தகத்துக்குப் போய்விடும். அடுத்ததாக நின்றது 'பூனை வளர்ப்பது எப்படி'.

வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தாள். வியாழக்கிழமை அவள் தங்கைக்குத் திடீரென்று குடல்வால் ஆபரேஷன். போட்டது போட்டபடி பஸ் ஏறினாள். போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சனிக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த ஃபைலை எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க. ஆறு வருஷம்ங்க." "இதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன் நான்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு, சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் பொத்தானை அழுத்தினேன். பீப், பீப், பீப்.

வயரைப் பிடுங்கினேன், ஊதினேன், தட்டினேன், கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். காலி வீட்டைப் பார்த்து, "யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு மூலைக் கடைக்குப் போனேன். டீ குடித்து வந்து அழுத்தினேன். பீப், பீப், பீப்.

அவசரப்பட்டுவிட்டேன், எட்டு நிமிஷத்தில் வந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி எல்லாம் செய்துவிட்டுப் போய், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அதே மூன்று சத்தம். மூன்றாவது தடவை நான் போய் நின்றபோது கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"டீச்சர் ஊர்ல இல்லையா?"

"தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல. போயிருக்கா."

"அப்படியா? அப்போ இன்னிக்கு உங்களுக்கு டீ கொஞ்சம் நிறையத்தான் ஆகும்" என்றார். மனைவி இல்லாத மனிதனிடம் காட்டும் பரிவு என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது டீ முடிந்து வந்தபோது மணி மூன்று. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாதி டீயினால், பாதி பயத்தினால். வெளியே எங்காவது ஒரு பிரதி இருக்கிறதா என்றால் இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கூடாது, பென்டிரைவ் கூடாது, இந்த வயதில் அதற்கு வெளிப்பழக்கம் ஆகாது என்று தடை போட்டவன் நானேதான். மாப்பிள்ளையைக் கூப்பிடலாம்; அவர் இருக்கும் ஊரிலிருந்து வந்து சேர நாளைக்கு ஆகும். ஆறு வருஷம்ங்க என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் போட்டேன்.

எடுத்தது என் மச்சினி. "அத்தான்! நல்லா இருக்கேன், நாலு தையல். அக்கா பக்கத்துலதான் இருக்கா. என்ன ஆச்சு, குரல் ஏன் இப்படி இருக்கு?"

"கம்ப்யூட்டர் கிளம்பல. நாலு தடவை ஓய்வு குடுத்துப் பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் "ஐயோ, அம்மா" என்று முனகல் கேட்டது. "அத்தான், சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும். அக்கா, நீயே பேசு."

சிரிக்க நான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குள் என் மனைவி போனை வாங்கிவிட்டாள்.

"எத்தனை சத்தம்?"

"மூணு."

"மூணுதானே? பயப்படாதீங்க. முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க. அப்புறம் என் பென்சில் டப்பாவைத் திறங்க. உள்ளே ஒரு வெள்ளை ரப்பர் இருக்கும், ஒரு ஓரம் மட்டும் கறுத்துப் போயிருக்கும்."

"ரப்பர் எதுக்கு? எழுதினதையா அழிக்கப் போறோம்?"

"சொல்றதைச் செய்யுங்க. பெட்டியோட பக்கத்து மூடியைக் கழட்டுங்க. ஸ்க்ரூ நாலுக்கு ரெண்டுதான் இருக்கும். மீதி ரெண்டை நான் போடறதே இல்ல, நேரம் பத்தாது."

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். உண்மையிலேயே இரண்டு ஸ்க்ரூதான் இருந்தன. பதினோரு வருஷமாக நான் அந்த மூடியைக் கழற்றியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன நேரம் பத்தாது?" என்றேன்.

பின்னால் மச்சினியின் முனகல் மட்டும் கேட்டது.

"ஏம்மா, உன்னைத்தான் கேக்கறேன். என்ன நேரம்?"

"நீங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குப் பத்து நிமிஷம்தானேங்க ஆகும்" என்றாள் மெதுவாக.

லிஃப்ட் கம்பி அறுந்தால் எப்படி இருக்கும் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இனிமேல் கேட்டால் சொல்ல முடியும்.

"அப்போ ஒவ்வொரு தடவையும்..."

"உள்ளே பச்சைப் பலகையில சீப்பு மாதிரி ஒண்ணு குத்தி நிக்குது பாருங்க. அதுதான் மெமரி. முதல்ல பெட்டியோட இரும்பை ஒரு தரம் தொடுங்க, கையில இருக்கற ஷாக் இறங்கட்டும். ரெண்டு பக்கக் கொக்கியையும் விலக்கிட்டு சீப்பை மேலே எடுங்க. அடியில தங்கக் கலர்ல பல்லு இருக்கும், அதை ரப்பரால தேய்க்கணும். அழுத்த வேண்டாம்."

நான் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே கேட்டேன். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"மாப்பிள்ளைக்குத் தெரியும். அவர்தானே சொல்லிக் குடுத்தார்."

"அப்புறம்?"

"மூலைக் கடைக்காரருக்கு."

"அவருக்கு எதுக்கு?"

"நீங்க சீக்கிரம் கிளம்பிட்டா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பார்."

ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக அந்த மனிதர் கடையில் உட்கார்ந்து, இயந்திரத்தின் மனசைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாரே! எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கோபம் ஏறினால் எனக்குக் கணக்குத் தீர்க்காமல் முடியாது.

"இஸ்திரிப் பெட்டியைச் சரி பண்ணினது?"

"இப்போ அது எதுக்கு? மணி ஆகுது."

"சொல்லு. இஸ்திரிப் பெட்டி?"

"நான்தான்."

"சுவர்க் கடிகாரம்?"

"பேட்டரி மாத்தினேன்."

"குழாய்? சமையலறைக் குழாய்?"

"குழாய் நீங்கதான். சத்தியமா நீங்கதான்."

ஒரு ஆறுதல் என்று நினைப்பதற்குள் அடுத்த வாக்கியமும் வந்தது. "அதான் இன்னும் ஒழுகுது."

மச்சினி, "நர்ஸைக் கூப்பிடு அக்கா" என்று கத்தியது எனக்குக் கேட்டது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். அதட்டலாகத்தான் ஆரம்பித்தேன், முடியும்போது அப்படி இல்லை.

"முதல் தடவையே சொல்லணும்னுதான் இருந்தேன். கம்பெனி உங்களை அனுப்பி ஆறு மாசம் ஆயிருந்தது. அந்த ஆறு மாசத்துல நீங்க ஒரு நாள் சிரிச்சு நான் பாக்கல. அன்னிக்கு டீ குடிச்சுட்டு வந்து பொத்தானை அழுத்தினீங்க. எரிஞ்சதும் உங்க முகத்தைப் பாத்தேன். அப்புறம் எப்படிங்க சொல்றது?"

நல்லவேளை, சீப்பு கையில் இருந்தது. அதைத் திரும்ப வைத்து அழுத்துவது போல் கொஞ்ச நேரம் ஓட்டினேன். ப்ளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினேன். திரை எரிந்தது. "எப்படிங்க!" என்று சொல்ல ஆள் இல்லை. இருந்திருந்தாலும் அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஃபைலை எதில் எடுப்பது என்று கேட்டேன். தையல் பெட்டியில், பட்டன் டப்பாவுக்கு அடியில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை கொடுத்தது, உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

"இதை ஏன் இத்தனை நாளா பயன்படுத்தல?"

"நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க. அதை மட்டும் நீங்க சொன்னபடியே கேட்டேன். அதான் இன்னிக்கு இந்த நிலைமை."

திரையில் 'கடைசி', 'கடைசிக்குக் கடைசி', 'இதுதான் கடைசி' என்று மூன்று ஃபைல்கள் இருந்தன. மூன்றும் இல்லை, 'சத்தியமாகக் கடைசி' என்று நான்காவதாக ஒன்று இருக்கும், திறந்து முந்நூறாவது விடை வரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஃபைலைத் திறந்தேன். அவள் எழுதியதை நான் படிப்பது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷமாக, கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று பார்த்தேனே தவிர அதில் என்ன ஓடுகிறது என்று பார்த்ததில்லை. எண்பத்தேழாம் புதிர்: 'ஒருவர் ஒரு குழாயைச் சரிசெய்கிறார். அதன்பின் அது முன்பைவிட இரண்டு மடங்கு ஒழுகுகிறது. கீழே வைத்த வாளி எப்போது நிரம்பும்?' சிரித்துவிட்டேன், வயிற்றெரிச்சலோடு.

கடைசி வரை போய் முந்நூறாவது விடையைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே வந்தேன். முதல் பக்கத்தில், புதிர்களுக்கு முன்னால், தனியாக இரண்டு வரி இருந்தது. 'பதினோரு ஆண்டுகளாக இந்தக் கம்ப்யூட்டரைச் சாக விடாமல் பார்த்துக்கொண்ட என் கணவருக்கு. அவர் இல்லையென்றால் இந்தப் புத்தகம் இல்லை.'

இரண்டு தடவை படித்தேன். வெட்கமாக இருந்தது. எவ்வளவு என்றால், காலி வீட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். முந்நூறு விடையும் சரியாக இருக்கிற கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கமே தப்பு. அதுவும் என்னால். இது அச்சாகக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த இரண்டு வரியை அழித்துவிட்டு, 'பார்த்துக்கொண்டது கணவர் அல்ல, ஆசிரியரே' என்று அடிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த டைப்பிங் ஒற்றை விரல் டைப்பிங். அதிலும் தமிழில் ஒவ்வொரு எழுத்தையும் ஊர் முழுக்கத் தேட வேண்டியிருந்தது. 'ஆசிரியரே' முடித்தபோது மணி நாலரை.

முற்றுப்புள்ளி வைத்தேன். திரை அணைந்தது. பீப், பீப், பீப்.

காரணம் எனக்கே தெரிந்தது. அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு சீப்பை வைத்தவன், ஒரு பக்கக் கொக்கியைச் சரியாக மாட்டவில்லை. ப்ளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றினேன். இரும்பைத் தொட்டேன், சீப்பை எடுத்தேன், தேய்த்தேன், இரண்டு கொக்கியும் டக், டக் என்று விழும் வரை அழுத்தினேன். மூடியைக்கூடப் போடவில்லை. ப்ளக்கைச் சொருகிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன்.

அங்கேதான் நின்றேன். எங்கே போகிறேன்? செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, ஓய்வு எதுவும் கொடுக்காமல், பொத்தானை அழுத்தினேன். எரிந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கம்ப்யூட்டரை நான் சரிசெய்திருந்தேன். பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

சேவ் பண்ணாததால் நான் அடித்தது போய்விட்டிருந்தது. அவள் எழுதிய இரண்டு வரி அப்படியே இருந்தது. மறுபடி எழுத்துத் தேட நேரமில்லை. ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முழங்கால் அனுமதித்த வேகத்தில் கிளம்பினேன். மூலைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் போனை எடுத்தார். "வேண்டாம், வேண்டாம், எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே கடந்தேன்.

பதிப்பகத்தில் நுழைந்தபோது ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பதிப்பாளர் மேஜைமேல் பூனைப் புத்தகம் தயாராக இருந்தது. பென்டிரைவை நீட்டினேன். அவர் அதைச் சொருகி, கடைசிப் பக்கம் வரை பார்த்து, பூனைகளை எடுத்து ஓரமாக வைத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"சார், ஒரு சின்னத் திருத்தம். முதல் பக்கத்துல ரெண்டு வரி இருக்கு. அதை எடுத்துடுங்க. தப்பு" என்றேன்.

அவர் சிரித்தார். "டீச்சர் இப்பதான் போன் பண்ணினாங்க. என் வீட்டுக்காரர் வருவார், முதல் பக்கத்தை மாத்தச் சொல்வார், மாத்தாதீங்கன்னாங்க."

"அது தப்பு சார். கணக்குப் புத்தகம் இது."

"அதையும் நீங்க சொல்வீங்கன்னு சொன்னாங்க. எழுதினவ நான், எனக்குக் கணக்குத் தெரியும்னு சொல்லச் சொன்னாங்க."

அவர் அந்த இரண்டு வரியை வாய்விட்டு ஒரு தரம் படித்தார். பிறகு என்னை மரியாதையாகப் பார்த்து, அறையின் மூலையைக் காட்டினார். அங்கே தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று நின்றது.

"ஐயா, நீங்களா வந்தது நல்லதாப் போச்சு. இதுவும் ஒரு வாரமா கிளம்ப மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

சட்டைக் கையை மடிக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன்.

"அது எங்க டீச்சர் வேலை சார். திங்கக்கிழமை வந்துடுவா, கூட்டிட்டு வரேன்" என்றேன். "வேணும்னா நான் பத்து நிமிஷம் வெளில நிக்கறேன்."